ஏஸ் ஜோடியும் தோற்கிற வாரங்களில்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் அழகாபுரத்தில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் போக்கர் சீட்டாட்டம் ஆடுவோம். பணம் கிடையாது, அதற்குப் பதில் கட்டுகிற வில்லைகள்தான், ஆளுக்கு 200 சிப்ஸ். அதிலேயே தொடர்ந்து ஏழு வாரம் தோற்றபோது எனக்குத் தூக்கம் கெட்டது. அதிலிருந்து எப்படி மீண்டேன் என்று எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. உங்களிடம் ஏஸ் ஜோடி, எதிராளியிடம் ராஜா ஜோடி, பொதுச் சீட்டுகளை விரிக்கும் முன்பே இருவரும் ஆல்-இன், அதாவது கையில் உள்ள எல்லா சிப்ஸையும் கட்டியாயிற்று. இதைவிட நல்ல நிலைமை அபூர்வம். அப்படியும் நூற்றுக்குச் சுமார் 18 தடவை நீங்கள் தோற்பீர்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை தோற்பதுகூட நூற்றுக்கு மூன்று முறை நடக்கக்கூடியதுதான். சனி பிடித்துவிட்டது என்று குழம்ப வேண்டாம்.

அப்புறம் ஒரு நோட்டு. பெரிய ஆட்டம் முடிந்ததும் என்னிடம் என்ன சீட்டு இருந்தது, எத்தனை சிப்ஸ் கட்டினேன், ஏன் கட்டினேன், மணி என்ன என்று எழுதுவேன். ஜெயித்தேனா தோற்றேனா என்பதை எழுத மாட்டேன். இரண்டு நாள் கழித்து, பட்டறை திறக்கும் முன் படிப்பேன். ஏழு வாரத்தில் 31 ஆட்டம் இருந்தது. 22 ஆட்டத்தை இன்றைக்கும் அப்படியேதான் ஆடுவேன். மீதி ஒன்பதைப் பார்த்தபோதுதான் சுருக்கென்றது. எல்லாமே ஒரு பெரிய தோல்விக்கு அடுத்த அரை மணி நேரத்தில் ஆடியவை. ராணியும் ஏழும் வைத்துக்கொண்டு, விட்டதைப் பிடிக்கக் கட்டியிருக்கிறேன். தோற்ற கடுப்பில் நிதானம் இழந்து ஆடுவதை போக்கரில் டில்ட் என்பார்கள். இது அதுதான்.

அதனால் இப்போது பெரிதாகத் தோற்றால் உடனே எழுந்துவிடுகிறேன். இருபது நிமிடம். கீழே இறங்கித் தெருமுனையில் தட்டுவடை செட் சாப்பிட்டு வருவேன். பற்றவைக்கும்போது கை நடுங்கினால் ஊதுகுழலைக் கீழே வை என்று அப்பா சொல்வார். சீட்டுக்கும் அதுதான். ‘இன்னும் ஒரே ஆட்டம்’ என்று உட்கார்ந்தால் அந்த ஒன்பது பத்தாகும்.

நண்பரிடம் யோசனை கேட்டால், கடைசிச் சீட்டு என்ன வந்தது என்பதைச் சொல்லாமல் கேளுங்கள். சொல்லிவிட்டால் ஆறுதல் கிடைக்கும், யோசனை கிடைக்காது.

பணம் வைத்து ஆடுகிறவர்களுக்கு இந்த நோட்டு போதாது. இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நடத்த 2025-ல் மத்திய அரசு தடைச் சட்டமே கொண்டுவந்துவிட்டது. கடன் வாங்கி, வீட்டுக்குத் தெரியாமல் ஆடுகிறீர்கள் என்றால் ஆட்டத்தைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், நிறுத்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், நடு ராத்திரியிலும் எடுப்பார்கள்.