பழைய மாருதி 800 வாங்கும் முன் எஞ்சினைச் சோதிப்பது எப்படி

மதுரைப் பக்கத்தில் பழைய மாருதி 800 இன்னும் அன்றாட வண்டியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாகக் கார் ஓட்டப் பழகுகிறவர்களும், வெயிலிலும் மழையிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட ஒரு சின்ன வண்டி போதும் என்று நினைக்கிறவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். அப்படித் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் பெயின்டையும் டயரையும் மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டரையும் பார்த்துவிட்டு விலை பேசிவிடுகிறார்கள். ஆனால் இந்த எஞ்சினின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, இத்தனை வருடங்களாக ரேடியேட்டருக்குள் எந்தத் தண்ணீரை ஊற்றி ஓட்டினார்கள் என்பதுதான். எனவே சோதனையை அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எஞ்சினின் அடிப்படை விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. 1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட இந்த வண்டியில் பெரும்பாலும் இருப்பது சுசுகியின் எஃப்8பி என்ற மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 796 சி.சி. சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டின் மேலுள்ள, வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம்ஷாஃப்டை டைமிங் பெல்ட் சுழற்றுகிறது. சிலிண்டருக்கு இரண்டு வீதம் ஆறு வால்வுகள் உண்டு. பிளக்குகள் 1-3-2 என்ற வரிசையில் எரிகின்றன. திறன் 40 குதிரைத்திறனுக்குள் அடங்கிவிடும். 2000-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் மின்னணு முறை) வரும் வரை எரிபொருள், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டர் வழியாகத்தான் போனது. இங்கே நான் முக்கியமாகப் பேசுவது அந்தக் கார்பரேட்டர் வண்டிகளைப் பற்றியே.

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போய்விடுங்கள். நீங்கள் வருவதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் திறந்ததும் எஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்து, அது குளிர்ந்திருக்கிறது என்று உறுதி செய்த பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். திறந்ததும் விரலை உள்ளே விட்டு வாய்ப்பகுதியின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவான கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இருந்து, விரலில் ஒன்றும் ஒட்டாமல் வந்தால் நல்ல அறிகுறி. துருநிறத் தண்ணீரும், நகத்தால் சுரண்டினால் பொருபொருவென்று உதிரும் வெள்ளைப் படிவும் இருந்தால், அந்த வண்டி பல காலம் போர்த் தண்ணீரில் ஓடியிருக்கிறது என்று பொருள். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் கடும் உப்புத் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பாதைகளிலும் படிந்து, வெப்பம் வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. மூடியின் ரப்பர் வாஷரையும் பாருங்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளிருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது; வாஷர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அடுத்து, மூடியைத் திறந்து வைத்தபடியே வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, முதல் ஒன்றிரண்டு நிமிடங்கள் தண்ணீரைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் காற்று வெளியேறும்போது சில குமிழிகள் வருவது இயல்பு. விடாமல் ஒரே சீராகக் குமிழி வந்துகொண்டிருந்தால், எரியும் வாயு, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீருக்குள் புகுகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெளிர் பழுப்பு நிறக் களிம்பு அப்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம் என்பதால், ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே வளைந்துவிடக்கூடும். அப்படி வளைந்த ஹெட்டின் மேல் புது கேஸ்கட்டை மட்டும் போட்டு மூடினால் சில மாதங்களில் அதே கோளாறு திரும்பி வரும். ஹெட்டைக் கழற்றினால், லேத் பட்டறையில் நேர்ச்சட்டமும், நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து மட்டம் பார்த்து, வளைவு 0.05 மி.மீ.க்கு மேல் இருந்தால் சமன்படுத்திய பிறகே மாட்டச் சொல்லுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு படிப்படியாக இறுக்க வேண்டும்.

எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை, நம் ஊரில் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் ஒன்று உண்டு. இந்த வெயிலுக்கு அது எதற்கு என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அது சரியல்ல. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோல் அதிகம் குடிக்கும். சிலிண்டர் சுவரும் விரைவில் தேயும். இருப்பது வேலை செய்கிறதா என்று பார்க்க, அதைச் சூடேறும் தண்ணீரில் போட்டு, அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையில் திறக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாலே போதும்.

ரேடியேட்டர் மூடியைப் போட்டுவிட்டு, ஏ.சி. இல்லாமல் வண்டியை நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். சூடு ஏறியதும் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கி, சிறிது நேரம் ஓடி, தானாகவே நிற்க வேண்டும். சாவியைத் திருப்பியவுடனேயே விசிறி ஓடத் தொடங்கினால், சுவிட்சைத் தாண்டி யாரோ நேரடியாக ஒயர் கொடுத்திருக்கிறார்கள். ஏன் கொடுக்க நேர்ந்தது என்று கேட்டே ஆக வேண்டும். சித்திரைத் திருவிழா சமயத்தில் கோரிப்பாளையத்திலும் தல்லாகுளத்திலும் அரை மணி நேரம் நகராமல் நிற்கும் வண்டியைக் காப்பாற்றுவது இந்த விசிறிதான். சூட்டு முள்ளை மட்டும் நம்பிவிடவும் கூடாது. தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டால் சென்சார் தண்ணீரில் படாமல் நிற்கும். அப்போது எஞ்சின் வெந்துகொண்டிருந்தாலும் முள் இறங்கியே காட்டக்கூடும்.

வாங்கிய பிறகு ரேடியேட்டரைக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள். இங்கே தண்ணீர் உறையப் போவதில்லை என்றாலும் அலுமினியம் அரிக்காமல் இருக்கக் கூலண்ட் தேவை. பழைய ஹோஸ் பைப்புகளையும், வாட்டர் பம்பைச் சுழற்றும் ஃபேன் பெல்ட்டையும் அதே வேலையில் மாற்றிவிடலாம்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது எரிபொருள். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. இந்தக் கார்பரேட்டர் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அப்படியொரு கலவை இல்லை. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அளவு மாறாத ஜெட் என்ற துளை வழியாக வரும் அதே பெட்ரோல் இப்போது சற்று மெலிந்த (காற்றுக்குப் பெட்ரோல் குறைந்த) கலவையாகிறது. மெலிந்த கலவையில் ஐட்லிங் தடுமாறும், ஏற்றத்தில் இழுவை குறையும், எஞ்சினும் கூடுதலாகச் சூடாகும். நான்கு வழிச்சாலையில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, ஆறிய பின் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்: முனை வெளிர் பழுப்பாக இருந்தால் சரி, சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் கலவை மெலிவு, கரி படிந்திருந்தால் கலவை செறிவு, ஈரமான கருப்பு என்றால் ஆயில் வருகிறது. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்து இளக்கும், காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ஆகவே பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்காதிருப்பதும் அவசியம்.

பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால், கோடை வெயிலில் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறிவிட்டுத் தேநீருக்கு நிறுத்தினால், பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்து, பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டால் சரியாகிவிடும். இது அடிக்கடி நடந்தால், பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் குச்சியை முகர்ந்தாலே தெரிந்துவிடும். அப்படி இறங்கிய ஆயிலோடு வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

ஆயில் குடிக்கும் கோளாறில் இரண்டு வகை உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் நீலப் புகை விட்டு நின்றுவிட்டால், வால்வு ஆயில் சீல்கள் இறுகிப்போயிருக்கின்றன. அது சிறிய செலவு. ஓட்டத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தும் ரீபோர் வரை போகலாம். ஐயமாக இருந்தால் மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் (பிஸ்டன் ஏறும்போது உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ. இந்த எஞ்சின் ஃபில்டரையும் சேர்த்துப் பிடிக்கும் ஆயிலே மூன்று லிட்டருக்குள்தான் என்பதால், அரை லிட்டர் குறைவதுகூட இங்கே பெரிய குறை.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பில் இல்லையென்றால், வாங்கியவுடன் கேம்ஷாஃப்ட், கிராங்க் ஆயில் சீல்களோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணைத் துணியால் துடைத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். டி.என். 58, 59, 64 என்று மதுரைப் பதிவெண் இருந்தாலும், எஞ்சின் வேறு வண்டியிலிருந்து மாற்றப்பட்டிருக்கலாம். மாற்றியதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்திருக்காவிட்டால், பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆய்வில் சிக்கல் வரும். அந்தத் திருத்தத்தை விற்பவர் தம் பெயரில் முடித்துக் கொடுத்த பிறகே முன்பணத்துக்கு மேல் கொடுங்கள்.