துணைவிதியில் தொடங்கும் பிழை: விளையாட்டு அமைப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டில் ஊழல் என்றதும் பணம் வாங்கிக்கொண்டு நோ-பால் வீசிய பந்துவீச்சாளரைத்தான் நம் மனம் முதலில் தேடுகிறது. 2013 மே மாதத்தில் ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் மூன்று வீரர்களை டெல்லி காவல்துறை கைது செய்தபோதும் பேச்சு முழுவதும் அவர்களைச் சுற்றியே நடந்தது. ஆனால் விவகாரம் உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, ஆடுகளத்தில் நடந்ததைவிட இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிப்புத்தகமே, குறிப்பாக 6.2.4 என்ற ஒரு விதியே, நீதிபதிகளின் முன் பெரிதாக நின்றது. தவறிழைத்த வீரரைத் துரத்திக்கொண்டே விதியைத் திருத்தும் நிர்வாகியைக் கவனிக்காமல் விடுவது, இத்துறையில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் முதல் தவறு.

வாரியம் நடத்தும் போட்டிகளில் எந்த நிர்வாகிக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக நலன் இருக்கக் கூடாது என்பதே அவ்விதியின் பழைய வடிவம். 2008 ஜனவரியில் ஐபிஎல் அணிகள் ஏலத்துக்கு வந்தபோது இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை வாங்கியது. அந்நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரான என். சீனிவாசன் அப்போது வாரியத்தின் பொருளாளராக இருந்தார்; பின்னாளில் அதன் தலைவரானார். அதே ஆண்டு செப்டம்பரில், ஐபிஎல் போன்ற போட்டிகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று விதி திருத்தப்பட்டது. அணியை வாங்கியது முன்பும், அதை அனுமதிக்கும் திருத்தம் பின்பும் வந்த இந்த வரிசைதான் கவனிக்கத்தக்கது. 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சீனிவாசன் விசாரணையை மூடிமறைக்க முயன்றார் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்பதையும் அதே தீர்ப்பு பதிவு செய்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மூடிமறைப்பு நிரூபணமாகாத நிலையிலும் திருத்தம் விழுந்தது என்றால், ஒருவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே அல்ல என்று பொருள். அணியின் உரிமையாளரும் அந்த அணியை நெறிப்படுத்தும் வாரியத்தின் தலைவரும் ஒரே ஆளாக இருக்கும் வரை, வாரியத்தின் சரியான முடிவுகளைக்கூட ஐயத்தோடுதான் மக்கள் பார்ப்பார்கள்.

இந்த நலமுரணை ‘அவர் தங்கமான மனிதர்’ என்ற நற்சான்றால் ஈடுகட்டப் பார்ப்பது சிறிய சங்கங்களிலும் உள்ள பழக்கம்தான். செயலாளரின் உறவினர் கடையிலேயே சீருடை வாங்கப்படுவதையும், தேர்வுக்குழு உறுப்பினரே கட்டணம் வாங்கிப் பயிற்சி முகாம் நடத்துவதையும் யாரும் முறைகேடாக எண்ணுவதில்லை. கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

அடுத்த தவறு, தன்னைப் பற்றிய புகாரைத் தானே அமர்த்திய குழுவைக் கொண்டு விசாரிப்பது. 2013 மே 24 அன்று சீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பன் ஐபிஎல் சூதாட்டப் புகாரில் கைதானபோது, அவர் வெறும் கிரிக்கெட் ஆர்வலர் என்று விளக்கம் தரப்பட்டது. வாரியம் அமைத்த இரு ஓய்வுபெற்ற நீதிபதிகளின் குழு தவறேதும் நடக்கவில்லை என்று அறிக்கை தந்தது. அக்குழு அமைக்கப்பட்ட முறையே சட்டவிரோதமானது என்று ஜூலை 30 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. பிறகு உச்ச நீதிமன்றம் நியமித்த முத்கல் குழுதான் குருநாத் சென்னை அணியின் நிர்வாகியே என்று கண்டறிந்தது. 2015 ஜூலையில் அதே நீதிமன்றம் அமர்த்திய லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு ஆண்டுகளுக்கு நீக்கி வைத்தது. இந்த வழக்கைத் தொடுத்தது, வாரியத்தில் முழு உறுப்புரிமைகூட இல்லாத பீகார் கிரிக்கெட் சங்கம். முழு உறுப்புரிமை பெற்ற மாநிலச் சங்கங்கள் வாரியம் தரும் பங்கை நம்பியிருப்பவை. பணத்தைப் பகிர்ந்தளிப்பவரையே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் யார் வாயைத் திறப்பார்கள்?

பதவிக்காலத்துக்கு வரம்பு வைத்தாலும் அதைத் தேய்த்துவிடுவது இன்னொரு தவறு. ஒவ்வொரு முறை பதவி வகித்த பின்னும் 3 ஆண்டு விலகியிருக்க வேண்டும் என்று லோதா குழு 2016இல் பரிந்துரைத்தது. தொடர்ந்து இரண்டு முறை இருந்த பிறகு விலகினால் போதும் என்று 2018இல் அது தளர்ந்தது. மாநிலத்தில் 6, வாரியத்தில் 6 என 12 ஆண்டுகள் தொடரலாம் என்று 2022இல் மேலும் தளர்ந்தது. ஒவ்வொரு தளர்வுக்கும் ‘அனுபவம் வீணாகிறது’ என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அனுபவம் பெற்றவர் ஆலோசகராக இருப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை என்பது என் கருத்து.

தேர்தலைத் தள்ளிப்போடுவது வெளியார் தலையீட்டுக்குக் கதவு திறந்துவிடும். அகில இந்திய கால்பந்து சம்மேளனத் தலைவரின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழுவொன்றை அமர்த்தியது. அதை மூன்றாம் தரப்பின் தலையீடாகக் கருதிய உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஆகஸ்டில் இந்தியாவை இடைநீக்கம் செய்தது. 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை இந்தியாவில் தொடங்க இரண்டு மாதங்கள்கூட இல்லாத நேரம் அது. நிர்வாகக் குழு கலைக்கப்பட்ட பிறகே, 11 நாட்களில், தடை விலகியது. நிர்வாகிகளின் தாமதத்துக்கு விலை கொடுக்கவிருந்தவர்கள் பள்ளி வயதுச் சிறுமிகள்.

2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய விளையாட்டு அமைப்புகளின் செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்களும் சிறந்து விளங்கிய வீரர்கள் இருவரும் இருக்க வேண்டும் என்கிறது. தகவல் அறியும் உரிமையையோ அரசு நிதி பெறும் அமைப்புகளோடு நிறுத்திக்கொண்டது. சட்டம் வற்புறுத்தாவிட்டாலும் தணிக்கை அறிக்கையையும், ஒப்பந்தப்புள்ளி விவரங்களையும், நிர்வாகிகளின் வணிக உறவுகளைக் காட்டும் பதிவேட்டையும் ஒரு சங்கம் தானே முன்வந்து வெளியிடலாம். துணைவிதியைத் திருத்தும் தீர்மானம் பொதுக்குழுவுக்கு வரும்போதெல்லாம், அதனால் பயன்பெறக்கூடியவர் யார் என்பதை நிகழ்ச்சிநிரலிலேயே எழுத வேண்டும். அவர் அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளக் கூடாது. திருத்தமும் அடுத்த தேர்தலுக்குப் பின்னரே நடைமுறைக்கு வர வேண்டும்.