தேய்ந்த எழுத்தா? டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள்

கைவிடப்பட்ட வீட்டுச் சுவரில் செதுக்கிய பெயரும் ஆண்டும் தேய்ந்து தெரியாவிட்டால், கேமராவின் ஃபிளாஷை அணைத்துவிட்டு, செல்பேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள். நேரே விழும் ஒளி மேடுபள்ளத்தை மறைத்துவிடும். சாய்ந்து விழும் ஒளியிலோ ஒவ்வொரு கீறலிலும் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். ஈரப்பூச்சில் யாரோ ஆணியால் கீறிவைத்த பிள்ளையின் பெயர்கூடப் படிக்கக் கிடைக்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் கடலூர் மாவட்டத்தில் 1950களிலிருந்து காலியான ஊர்களைப் போன்ற இடங்களில், இப்படி ஒரு சுவர் மிஞ்சுவதே அபூர்வம். அதனால் டார்ச் ஒளி இடமிருந்து விழ ஒன்று, மேலிருந்து விழ ஒன்று எனக் கட்டாயம் இரண்டு படம் எடுங்கள்.

பெயிண்டால் எழுதியதற்கு இது உதவாது, அதில் பள்ளமே இல்லை. வெயில் நேரே படும் சுவரிலும் டார்ச் எடுபடாது, குடையால் மறைத்துக்கொள்ளுங்கள்.