மகனோடு மணப்பாட்டுக்கு: முதல் முறை கிளம்பும் அப்பாக்களுக்கு

என் மகனுக்கு அப்போது 11 வயது. ஞாயிறு தவறாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆராதனையில் இருப்போம். இரவானால் வீட்டில் குடும்ப ஜெபம். ஆனாலும் அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பான். பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் இருவர் மட்டும், திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊரான மணப்பாட்டுக்குப் போய்வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இதுவரை மூன்று முறை போயிருக்கிறோம். முதல் பயணத்தை நான் கெடுத்தேன். அடுத்த இரண்டில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பயணத்துக்கு அடிப்படை யோவான் 21-ம் அதிகாரம். இரவு முழுக்க வலை வீசியும் சீஷர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. விடிந்ததும் இயேசு சொன்னபடி வலை போட்டு, மீனோடு கரைக்கு வருகிறார்கள். அங்கே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு இயேசு காத்திருக்கிறார். பேதுரு அவரை மறுதலித்து அதிக நாள் ஆகவில்லை. இருந்தாலும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேதுருவிடம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார். அந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை நான் அதை மாற்றிவிட்டேன். ஏழு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய், மணலில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். மூன்றாவது கேள்விக்குள் பையன் வாயை மூடிக்கொண்டான். ஊர் திரும்பும்வரை திறக்கவில்லை.

படி 1: நாள் பாருங்கள்

ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனி, ஆடியில் மேல்காற்று தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளிக் கண்ணில் போடும், அடுப்பும் பற்றாது. இரவு தங்கத் திருச்செந்தூரில் லாட்ஜுகள் நிறைய உண்டு. ஆனால் கந்த சஷ்டி, வைகாசி விசாகம், ஆவணித் திருவிழா நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம். குலசேகரபட்டினம் (குலசை) தசரா சமயத்தில் சாலையே அடைபட்டுக் கிடக்கும். மணப்பாட்டில் செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா. அழகான நாள்தான், ஆனால் தனியாகப் பேசுவதற்கான நாள் இல்லை.

வெள்ளி மாலை தொடங்கிச் சனி மதியம் முடியும்படி வையுங்கள். இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். படகும் பார்க்க முடியாது, மீனும் கிடைக்காது.

படி 2: பையை அவன் கட்டட்டும்

இரண்டு பேருக்கு ஒரே பை போதும்: தண்ணீர் மூன்று லிட்டர், தொப்பி, டார்ச், சின்ன இரும்பு அடுப்பு, சிரட்டைக்கரி ஒரு பொட்டலம், தீப்பெட்டி, கம்பி வலை, இடுக்கி, உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், ரொட்டி. நடக்கும்போது வாயில் போட வறுத்த நிலக்கடலையும் உடன்குடிக் கருப்பட்டியும். ஒரு சிறிய வேதாகமம். பட்டியலை அவனிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஏதாவது விட்டுப்போனாலும் பரவாயில்லை. எங்கள் இரண்டாவது பயணத்தில் உப்பு விட்டுப்போனது. பக்கத்தில் இருந்த ஒரு வீட்டில் அவனே போய்க் கேட்டு வாங்கிவந்தான்.

போனை அணைத்துப் பையின் அடியில் போடுங்கள். அம்மாவுக்கு மட்டும் இரவு ஒரு அழைப்பு.

படி 3: குலசையிலிருந்து நடை

திருச்செந்தூரில் அறை எடுத்துவிட்டு, குலசேகரபட்டினம் வரை பஸ்ஸில் போய் இறங்குங்கள். அங்கிருந்து மணப்பாடு சிறுவனின் காலுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேர நடை. மூன்றரை மணிக்குத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடலாம். கரையோரமாகவே போய்விடலாம் என்று ஆசை வரும். வேண்டாம். குலசைப் பக்கத்தில் இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்; வேலி போட்ட இடங்களைத் தாண்டக்கூடாது. சாலையிலேயே, வண்டி எதிரே வரும் பக்கமாக, பையன் சாலையின் ஓரப்பக்கம் இருக்க நடங்கள்.

நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் பேசாத பையன், தோளோடு தோள் நடக்கும்போது பேசுவான். அவன் ராக்கெட்டைப் பற்றிப் பேசினால் நீங்களும் ராக்கெட்டைப் பற்றியே பேசுங்கள். ஆதியாகமம் 22-ல் ஆபிரகாமும் ஈசாக்கும் மலைக்கு நடக்கிறார்கள். ஈசாக்கு "என் தகப்பனே" என்று கூப்பிட்டபோது ஆபிரகாம் முதலில் சொன்னது "என் மகனே, இதோ, இருக்கிறேன்" என்பதுதான். நடையில் நமக்கும் அந்த வேலை மட்டும்தான்.

படி 4: மணல் குன்றும் குகையும்

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மணல் குன்று. அதன் மேல் திருச்சிலுவை ஆலயம், அருகில் கலங்கரை விளக்கம். புயலில் தப்பிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், உடைந்த பாய்மரத்திலிருந்து சிலுவை செய்து இங்கே நட்டார் என்று ஊரில் சொல்வார்கள். ஆலயம் 1581-ல் எழும்பியது. நாங்கள் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள், இது கத்தோலிக்கர் ஆலயம். உள்ளே பூசை நடந்தால் கடைசியில் அமைதியாக உட்காருவோம்.

குன்றின் கடல்பக்கச் சரிவில் ஐரோப்பாவிலிருந்து வந்த மிஷனரி புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த குகை இருக்கிறது. உள்ளே ஒரு கிணறு. அலை அடிக்கும் தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்காது. பையனை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பாடப்புத்தகமும் கொடுக்காத ஆச்சரியம் அவன் முகத்தில் வரும்.

சவேரியார் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தார். அவரைப் பற்றி ஒரே ஒரு கதை சொல்லுங்கள், போதும். நான் சொல்வது இது: தமிழ் தெரியாத அவர், ஊர்க்காரர்களின் உதவியோடு ஜெபங்களைத் தமிழில் மாற்றி மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகளின் வீடுகளுக்கெல்லாம் தன்னால் போக முடியாதபோது, ஜெபம் கற்ற அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். "என் வயசுப் பசங்களையா?" என்று கேட்டான் என் மகன். ஆமாம் என்றேன். அதற்கு மேல் நான் எதுவும் சேர்க்கவில்லை.

இருட்டுவதற்குள் இறங்கி, உவரிப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் திருச்செந்தூர் திரும்பிவிடுங்கள். விடியற்காலைக்கு ஆட்டோ இப்போதே பேசிவையுங்கள்.

படி 5: விடியலும் அடுப்பும்

ஜனவரியில் சூரியன் ஆறரையை ஒட்டி எழும். ஆறு மணிக்கு மணலில் இருங்கள். படகுகள் கரை ஏறும்போது தள்ளிநின்று பாருங்கள். கயிற்றையும் வலையையும் மிதிக்கக்கூடாது. மீனுக்குச் சாளை வாங்குங்கள், எட்டுப் போதும். கொழுப்புள்ள மீன், சீக்கிரம் வேகும், புதியவர் கையிலும் கெடாது. விற்கும் அக்காவிடம் கேட்டால் செதில் எடுத்துச் சுத்தம் செய்து தருவார்.

அடுப்பு வைக்கப் பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காற்று படாத பள்ளமாகப் பார்த்து, படகுகளுக்கும் வலைகளுக்கும் நன்றாகத் தள்ளி வையுங்கள். கரி சாம்பல் பூத்து உள்ளே சிவந்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். தழல் எரியும்போது போட்டால் தோல் கருகும், முள்ளோரம் பச்சையாக நிற்கும். உப்பு, மஞ்சள், மிளகாய் தடவிப் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம். திருப்புவது அவன் வேலை. கையைச் சுட்டுக்கொள்வானோ என்று நமக்குப் பதறும். பக்கத்தில் இருங்கள், இடுக்கியை மட்டும் பிடுங்காதீர்கள்.

கருமேனி ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இறங்கவே கூடாது. மற்ற இடத்திலும் முழங்காலளவு போதும். அலை பழகிய ஊர்ப் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்து நம் பிள்ளையை விடக்கூடாது.

படி 6: சாப்பிட்ட பிறகு

ரொட்டியைப் பிட்டு மீனோடு தின்று, கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்போது யோவான் 21-ஐ 1 முதல் 17 வரை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். கரி எதிரே கிடக்கிறது, மீன் வாசனை விரலில் இருக்கிறது.

மகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஏதாவது உங்களிடம் இருந்தால், இது அதற்கான இடம். என்னிடம் இருந்தது. கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்கு, உறவினர் நிறைந்த வீட்டில் எல்லார் முன்னாலும் அவனைத் தலைகுனிய வைத்திருந்தேன். இரண்டாவது பயணத்தில் சொன்னேன்: "அன்னைக்கு மாமா முன்னாடி அப்பா அப்படிப் பேசினது தப்பு மக்கா. மன்னிச்சிரு." முள்ளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தான். பிறகு, "அதுக்கப்புறம் மாமா வீட்டுக்கே வரப் பிடிக்கலப்பா" என்றான். ஐந்து மாதமாக "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஆளுக்கு ஒரு வரி ஜெபம் செய்யுங்கள். அவன் முதலில், நீங்கள் பிறகு. பையன் ஜெபம் சொல்ல மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். நீங்கள் மட்டும் சொல்லி ஆமென் போடுங்கள். கரியின் மேல் கடல்நீரை இரண்டு முறை ஊற்றி, ஆறிய சாம்பலைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடங்கள். அன்று அடுப்பைத் தூக்கிக்கொண்டது அவன்.