கோர்சோக்கில் துவரம்பருப்பு வேகவைக்க

லடாக்கின் கோர்சோக் சுமார் 4,500 மீட்டர் உயரம். தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் மசியாது. குக்கரிலும் தாமதம்தான். வெயிட் வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் சுமார் ஒரு ‘பார்’ (ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தத்தின் அளவு) மட்டுமே கூட்டும்; அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். ஆகவே குக்கருக்குள் கடல்மட்டத்தில் வரும் 120க்குப் பதில் 113 டிகிரிதான்.

எனக்குக் கைகொடுத்தது இது: பருப்பை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, டம்ளருக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர், மஞ்சள், கொஞ்சம் எண்ணெய். முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் 20 நிமிடம். விசிலை எண்ணுவது வீண், கடிகாரத்தைப் பாருங்கள். புளி, தக்காளி எல்லாம் வெந்தபிறகே. புளிப்பு சேர்ந்தால் பருப்பு லேசில் வேகாது. கேஸ்கட் குளிரில் விறைத்து ஓரத்தில் ஆவி கசிந்தால், இரண்டு நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்து மாட்டுங்கள். கொண்டைக்கடலையை இரவு அடுப்பறைக்குள்ளேயே ஊறவையுங்கள். வெளியே வைத்தால் காலையில் பனிக்கட்டிதான்.