வெப் ஹோஸ்டிங்: புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள்

அம்பத்தூரில் சிறு பட்டறையோ மயிலாப்பூரில் புடவைக்கடையோ புதிதாகத் தொடங்கியவர்கள், இணையதளத்தை வைக்க இடம் தரும் வெப் ஹோஸ்டிங் நிறுவனங்களின் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் தெரியும் மாதக் கட்டணத்தை நம்பி இறங்கிவிட வேண்டாம். பெரும்பாலும் அது மூன்று, நான்கு ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டுபவர்களுக்கான விலை. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. புதுப்பிக்கும் கட்டணம் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இரு மடங்கைத் தாண்டுவதும் உண்டு. அதை வைத்தே நிறுவனங்களை ஒப்பிடுங்கள்.

நான்கைந்து பக்கத் தளத்துக்கு, ஒரே கணினியைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங் தாராளம். தளத்துக்கு வந்துபோகும் தகவலை மற்றவர் படிக்காமல் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிப் பணம் கேட்டால் வேறு இடம் பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. தளம் இருக்கும் கணினியான சர்வர் மும்பையில் இருந்தால் நல்லது, சிங்கப்பூர் என்றாலும் பாதகமில்லை. தளத்தின் முகவரிப் பெயரான டொமைன் மட்டும், தளம் வடிவமைத்துத் தரும் தம்பியின் பெயரில் அல்லாமல், உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாகட்டும்.