லேப்டாப் மந்தமா? பார்மட் போடுவதற்கு முன்

அண்ணன் மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, இரண்டு முறை பார்மட் போட்டு முடித்திருந்தான். "சித்தப்பா, பிராசசர் போயிடுச்சு போல." டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். வேகம் 0.78 கிகாஹெர்ட்ஸ். எதைத் திறந்தாலும் அதே எண்தான். சார்ஜரைப் பிடுங்கினேன்; சில நொடிகளில் 3-ஐத் தாண்டியது.

சில லேப்டாப்களின் சார்ஜர் முனை நடுவே ஊசி மாதிரி ஒரு கம்பி இருக்கும். இந்தச் சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப் தெரிந்துகொள்வது அதன் வழியாகத்தான். அது வளைந்துபோனாலோ, மலிவு விலை டூப்ளிகேட் சார்ஜராக இருந்தாலோ பதில் வராது. எதற்கு வம்பு என்று மதர்போர்டு பிராசசரை அடிமட்ட வேகத்துக்கு இறக்கிவிடும். இதற்கு எத்தனை பார்மட் போட்டும் பயனில்லை.

எண்ணைப் பார்க்கும் நேரமும் முக்கியம். அவனுடைய பிராசசர் இன்டெல் ஐ5-8250யு. அடிப்படை வேகம் 1.6, உச்சம் 3.4. சும்மா இருக்கும்போது 0.8-க்கு இறங்கினால் அது மின்சாரச் சேமிப்பு, கோளாறு இல்லை. பெரிய ஜிப் கோப்பு ஒன்றைப் பிரிக்கவிட்டு அப்புறம் பாருங்கள். அதற்காக 3.4 எப்போதும் நிற்க வேண்டும் என்றும் சண்டைக்குப் போகக்கூடாது. அந்தச் சில்லுக்கு ஒதுக்கிய மின்சக்தி 15 வாட். நான்கு கோர்களும் தொடர்ந்து உழைத்தால் கொஞ்ச நேரத்தில் வேகம் இறங்கத்தான் செய்யும். வேலை இருக்கும்போதும் 1.6-க்குக் கீழேயே கிடந்தால் சந்தேகப்படலாம்.

சூடு குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்'டை 99 சதவீதமாக மாற்றிவிட்டு மறந்துபோகிறவர்களும் உண்டு. அந்த ஒரு சதவீதத்தில் டர்போ, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேலே போகும் வசதி, மொத்தமும் பெரும்பாலும் அணைந்துவிடும்.

நிஜமான சூடு என்றால் முதலில் தூசி. ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி படிந்திருக்கும், வெளியிலிருந்து தெரியாது. தூசியை ஊதும்போது ஃபேன் சுற்றாமல் இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசசர் மேல் சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட்டை அள்ளி அப்ப வேண்டாம். மெத்தை மேல் வைத்து ஓட்டவும் வேண்டாம்.

நான் கடிந்து சொல்வது ஒன்றைத்தான்: சார்ஜர் சிக்கலிலும் சூட்டிலும் பிராசசரின் வேகத்தை இறக்கச் சொல்லும் 'பிடி பிராக்ஹாட்' (BD PROCHOT) சிக்னலையே சாஃப்ட்வேர் வைத்து அணைத்துவிடுவது. சார்ஜர்தான் காரணமா என்று சோதிக்க ஐந்து நிமிடம் அணைக்கலாம். நிரந்தரமாகக் கூடாது. பிராசசர் தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும், சரி. ஆனால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் போர்டு பாகங்கள் கொதித்தால், வேகத்தைக் குறை என்று சொல்ல அவற்றுக்கு இருந்த வழி அதுதான்.

அவன் சார்ஜரின் முனையைத் திருப்பிப் பார்த்தேன். கம்பி ஒரு பக்கம் படுத்திருந்தது. "நாய்க்குட்டி கடிச்சது, ஆனா சார்ஜ் ஏறுதே" என்றான்.